அத்தானுக்கு நான் கட்டிய மாலை

எனக்கு நடிக்க வரும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பூக்கட்ட வரும் என்று சொல்லுவார்கள். பகலில் சிட்னி வெஸ்ட்மீட்டில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேரே கோயிலுக்குப் போய் மாலை கட்டிக் கொடுப்பேன். மூன்று பூவுக்கு ஒரு கொத்துத் துளசி வைக்கவேண்டும், நூல் வெளியே தெரியக்கூடாது, அடிப்பக்கம் கொஞ்சம் தடிப்பாக இறங்கவேண்டும். மற்றவர்கள் கட்டினால் இப்படி வராது. இதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைக்கவில்லை.

அந்த மாலையைப் பார்த்துவிட்டுத்தான் சிவப்புத் தலைமயிரோடு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கோயில் மண்டபத்தில் என்னைத் தேடி வந்தாள். தொலைக்காட்சி நாடகம் ஒன்றுக்கு வீட்டைச் சோடித்து அலங்கரிப்பது அவளுடைய வேலை. நாடகம் மேற்குச் சிட்னியில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. தகப்பன் செத்து ஒரு வருடம். ஆட்டைத் திவசம், அந்த முதல் வருடத் திவசம், டிசெம்பர் நத்தார் லீவில் வருகிறது. நாலு பிள்ளைகளும் நாலு பக்கத்திலிருந்து வந்து, ஒரே வீட்டுக்குள் மூன்று நாள் அடைபட்டு, ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறார்கள். அவ்வளவுதான் கதை. இதைக் கற்பனை செய்ய ஆள் வைத்துச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். எந்த வீட்டு யன்னலால் எட்டிப் பார்த்தாலும் தெரிகிற கதை.

அவளுக்கு மூன்று விசயம் வேண்டியிருந்தது. தகப்பனின் படத்துக்கு ஒரு மாலை, சுவரில் மாட்டுவதற்குப் பழைய குடும்பப் படங்கள், திவசக் காட்சியில் சேலையோடு நிற்க வயதான பெண்கள் நாலு பேர். மூன்றுக்கும் நான் ஓம் என்றேன். கேட்காத நாலாவதுக்கும் ஓம் என்றிருப்பேன்.

செத்தவரின் படத்தை உங்கள் வீடுகளில் எப்படி வைப்பீர்கள் என்று கேட்டாள். நான் பாடமே எடுத்தேன். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மறந்தும் மாலை போடமாட்டோம். மாலை விழுந்து, சந்தனப் பொட்டு வைத்து, முன்னால் குட்டிச் சிவப்பு லைட் எரிந்தால் ஆள் இல்லையென்று அர்த்தம். அவள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினாள். பிறகு என் வீட்டு நடைச் சுவரில் இருந்த படங்களில் ஏழைக் கழற்றிக்கொடுத்தேன். அவள் நீட்டிய தாளில் வாசிக்காமல் கையெழுத்தும் போட்டேன். தகப்பனாக நடிக்க ஒரு நடிகர் இருப்பார், மாலை அவருடைய படத்துக்கு விழும் என்றுதான் நினைத்தேன். கதை தொடங்கும்போதே செத்துப்போனவருக்கு நடிகர் எதற்கு என்கிற யோசனை இந்த மண்டைக்குள் வரவில்லை.

அந்த ஏழு படங்களில் ஒன்று அத்தானுடையது. அவருடைய மகனின் பட்டமளிப்பு விழாவில் எடுத்தது. கோட்டும் கழுத்தில் ரையும் போட்டு, சிரிப்பதா விடுவதா என்று தெரியாத முகத்தோடு நேரே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். குவேக்கர்ஸ் ஹில்லில் அவர்களின் வீட்டிலிருந்து பத்து நிமிடக் கார் ஓட்டத்தில் நான் தனியாக இருக்கிறேன். எனக்குச் சொந்தம் என்று சொல்ல இந்தக் கண்டத்தில் அவர்களும், மெல்போர்னில் கிளேட்டன் பக்கம் ஆராய்ச்சி செய்கிற அவர்களுடைய ஒரே மகனும்தான். அவன் எனக்குப் பெறாமகன்.

அந்த வருடம் செப்டெம்பரில் அத்தானின் இருதயத்தில் ஒரு வால்வு பழுதென்று கண்டுபிடித்தார்கள். ஜனவரி நடுப்பகுதியில் ஒப்பரேசன் என்று நாளும் குறித்தார்கள். அன்றிலிருந்து அக்கா வீட்டில் அவசரகாலச் சட்டம். சாவு என்ற சொல் படியேறக்கூடாது. செய்தி போடக்கூடாது. யாராவது "போறன்" என்று எழும்பினால், "போட்டு வாறன் எண்டு சொல்லு" என்று அக்கா திருப்பி இருத்திவிடுவார். மாலை போட்ட எங்கள் அம்மா அப்பாவின் படங்களையே சாமியறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். அத்தான் பாவம், ஏதோ பத்திரம் எங்கே இருக்கிறதென்று சொல்ல வாயெடுத்தார். அக்கா காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். இதெல்லாம் விசர் என்று எனக்குத் தெரியும். ஆனால் அக்கா அந்த விசரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்து நின்றார் என்பதும் தெரியும்.

நத்தார் லீவில் ஒளிபரப்பவேண்டும் என்று அவசரமாகத்தான் படப்பிடிப்பு நவம்பரில் நடந்தது. விடிய எழும்பி ஃபிளெமிங்டன் சந்தைக்குப் போய் வெள்ளைச் செவ்வந்தி வாங்கி வந்து, வீட்டுத் தொட்டியில் துளசி கிள்ளி, என் கையால் மாலை கட்டினேன். அங்கே போனதும் சிவப்புத் தலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு முகப்பூச்சுக்குப் போனேன். ஒரு பெண் என் தலைமயிரைச் சீவி, கண்ணுக்கு மை வைத்து, "யூ லுக் பியூட்டிஃபுல்" என்றாள். அதைவிடப் பெரிய விசயம், எனக்கு ஒரு வசனம் கொடுத்துவிட்டார்கள். திவசத்துக்கு வந்தவர்களைப் பார்த்து, "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று சொல்லவேண்டும். இரண்டு சொல். நான் அதைப் பதினைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

பட்டுச் சேலை சரசரக்க வெளியே வந்தால், சுவரில் அத்தான். கழுத்தில் என் மாலை. நெற்றியில் சந்தனம். முன்னால் சிவப்பு லைட் எரிகிறது.

சிவப்புத் தலைப் பிள்ளை ஓடி வந்தாள். கொப்பியைப் பார்த்து எல்லாம் சரியாகச் செய்துவிட்ட சந்தோசம் அவளுடைய முகத்தில். பிறகு குரலைத் தாழ்த்தி, கேட்கவேண்டியதையும் கேட்டாள். "இவர் இறந்துவிட்டவர்தானே? உயிரோடு இருக்கிறவர் என்றால் நான் இப்போதே கழற்றிவிடுகிறேன்."

நாற்பது பேர் நின்றார்கள். லைட்டெல்லாம் அந்தச் சுவரை நோக்கித் திருப்பியாகிவிட்டது. இயக்குநர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால் படத்தைக் கழற்றவேண்டும், இன்னொரு படம் தேடவேண்டும், லைட்டை மாற்றவேண்டும். நேரம் போனால் எந்த வசனத்தை வெட்டுவார்கள்? நான் அதைத்தான் யோசித்தேன். வேறு ஒன்றையும் யோசிக்கவில்லை.

நான் தலையை ஆட்டினேன். ஓம், இறந்தவர்தான் என்று.

அவள் என் தோளைத் தொட்டு "ஐ ஆம் சோ சாரி" என்றாள். அதற்கும் தலையாட்டினேன். சுவர் பின்னால் மங்கலாகத்தான் தெரியும் என்று கமெராக்காரர் யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். மங்கலாகத்தானே, யார் கவனிக்கப் போகிறார்கள்.

நாடகம் நத்தாருக்கும் புதுவருசத்துக்கும் இடையில் வந்த ஞாயிறு மாலை ஏழரைக்கு. அதற்குள் நான் வாயடக்கமில்லாமல் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. நாடகத்தில் ஒரு சாவு வந்தாலும், தங்கை திரையில் வருகிறாள் என்பதற்காக அக்கா அன்றைக்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்திப் பெரிய விருந்தே வைத்தார். மெல்போர்னிலிருந்து பெறாமகன் வந்துவிட்டான். அதே தெருவில் இருக்கும் இரண்டு தமிழ்க் குடும்பங்களும் மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டார்கள். வெளியில் நாற்பது பாகை வெயில், உள்ளே குளிரூட்டி மூச்சு வாங்கியது. ஒப்பரேசனுக்கு முன்னம் எல்லோரும் ஒன்றாயிருந்து சிரிக்கவேண்டும் என்பது அக்காவின் திட்டம். சிரிக்க வைக்க நான் இருக்கிறேன்.

மூன்று மணிக்குக் குசினிக்குள் போய் அக்காவின் பக்கத்தில் நின்றேன். அக்கா வடைக்குத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்டு சொல்லவேணும்."

"நல்லதெண்டாச் சொல்லு. இல்லாட்டி ஜனவரிக்குப் பிறகு சொல்லு."

"அப்பிடிப் பெரிசா ஒண்டுமில்லை..."

"அப்ப உந்தத் தட்டை எடு."

தட்டை எடுத்துக் கொடுத்தேன். இனி என்ன செய்ய? ஐந்து மணிக்குப் பெறாமகனிடம் போய், இன்டர்நெட் சரியாக வேலை செய்யவில்லைப் போல இருக்கிறதே என்றேன். "ஆல் குட் சித்தி" என்றான். இன்றைக்கு வேறு ஏதாவது பார்ப்போமா, இது வெறும் அழுகைக் கதை என்றேன். "நோ வே, யூ ஆர் த ஸ்டார்" என்று என்னைக் கட்டிப்பிடித்தான். ஆறரைக்குத் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்த வயரைக் கையால் தடவிக்கொண்டு நின்றதை அத்தான் பார்த்துவிட்டார். நான் வயரை விட்டுவிட்டு வந்து பாயில் இருந்தேன்.

ஏழரைக்கும் யன்னல் திரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நடுக் கதிரையில் அத்தான், பக்கத்தில் அக்கா, நிலத்தில் பாயில் மற்றவர்கள். நாடகம் தொடங்கியது. பிள்ளைகள் வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், அடுத்த நிமிடமே சண்டை பிடித்தார்கள். திவசக் காட்சி வந்தது. பின்சுவர் வெறும் மஞ்சள் புகையாகத் தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது. கமெராக்காரரை மனதுக்குள் கும்பிட்டேன்.

என் வசனம் வரவில்லை. வெட்டிவிட்டார்கள். என் முழங்கையும் சேலைக் கரையும் ஒரு செக்கன் தெரிந்தது. அயல் வீட்டு அன்ரி, "கை வடிவா விழுந்திருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குக் கவலையே இல்லை. தப்பிவிட்டேன் என்றுதான் இருந்தது.

கடைசிக் காட்சியை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சண்டை எல்லாம் முடிந்து மற்றவர்கள் போய்விட, மூத்த மகன் மட்டும் அந்த அறைக்குத் திரும்பி வருகிறான். சுவரைப் பார்க்கிறான். கமெரா அவனுடைய தோளுக்கு மேலால் மெதுவாக உள்ளே போகிறது. மஞ்சள் புகை தெளிந்தது. அத்தானின் முகம் திரை முழுக்க நின்றது. கோட்டு, ரை, சந்தனப் பொட்டு, மாலை. அந்த நடிகன் படத்தின் கண்ணாடியில் கை வைத்து, நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வரவில்லையே அப்பா என்று இங்கிலீசில் சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அயல் வீட்டுச் சின்னப் பிள்ளை ஒன்று "தாத்தா!" என்று சந்தோசமாகக் கத்தியது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். அக்கா எழும்பினார். ரிமோட் பெறாமகனின் கையில் இருந்தது. அவன் அதை மறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் எங்களைப் பார்த்து நின்று இரண்டு கையையும் விரித்தார். அவருக்குப் பின்னால் அந்த நடிகன் அழுதுகொண்டே இருந்தான்.

அத்தான் அக்காவிடம் சொன்னார், "இஞ்சருமப்பா, கொஞ்சம் விலகும். பெடியன் நல்லா அழுறான்."

யாரும் சிரிக்கவில்லை. பெறாமகன் அப்போதுதான் நிறுத்தினான். அக்கா என்னைப் பார்த்தார்.

"உனக்கு முதலே தெரியுமோ?"

எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. உண்மையைச் சொல்வதற்கு அது ஒரு நேரம். நான் சொன்னது இதுதான்: "இல்லையக்கா. எனக்கு என்னண்டு தெரியும்? படத்தைக் குடுத்தனான், அவ்வளவுதான். அவையளுக்கு எங்கடை பழக்கவழக்கம் என்ன தெரியும்?"

பொய் எவ்வளவு லேசாக வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

அக்கா தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு வந்து, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அத்தானுக்குக் கண்ணூறு கழித்து அடுப்பில் போட்டார். புகை எழும்பி வீட்டின் புகை அலாரம் அலறத் தொடங்கியது. பெறாமகன் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசுக்கினான். அயல் வீட்டார் இருமிக்கொண்டே விடைபெற்றுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு அக்கா வாசலில் என் கையைப் பிடித்தார். "நீ பாவம். உன்னையும் ஏமாத்திப்போட்டாங்கள்" என்றார். "ஒப்பரேசன் அண்டைக்கு நீ என்னோடை இருக்கவேணும். மகன் சின்னப் பெடியன், பயந்திடுவான். எனக்கு நீ ஒருத்தியே காணும்."

அடி விழுந்திருந்தால் தாங்கியிருப்பேன். இதை எப்படித் தாங்குவது?

அடுத்த நாள் பெறாமகன் தொலைக்காட்சிக்காரருக்கு ஒரு முறைப்பாடு எழுதினான். கடுமையான இங்கிலீஸ். உயிரோடு இருக்கும் ஒரு நோயாளியை, அனுமதியில்லாமல், அவருடைய கலாசாரத்தை அவமதித்து என்றெல்லாம் இருந்தது. எனக்கு வாசித்துக் காட்டினான். நன்றாயிருக்கிறது என்றேன். பின்னே என்ன சொல்ல?

புதுவருசம் பிறந்து நாலாம் நாள் சிவப்புத் தலைப் பிள்ளை போன் எடுத்தாள். குரல் உடைந்திருந்தது. யார் அந்தப் படத்துக்கு ஓம் சொன்னது என்று மேலிடத்தில் விசாரிக்கிறார்களாம். அடுத்த தொடருக்கு அவளைக் கூப்பிடுவார்களோ தெரியாதாம். "உங்களுடைய பெயரை நான் இன்னும் சொல்லவில்லை" என்றாள். "உங்களுக்கு அன்றைக்குக் கேள்வி விளங்கவில்லையோ என்று நினைத்தேன். நான் இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கவேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்."

என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி நன்றாகவே விளங்கியிருந்தது. ஆனாலும் "பார்க்கலாம், யோசிக்காதே" என்று மழுப்பிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஒப்பரேசனுக்கு இரண்டு நாள் முன்னம் அத்தானை வெஸ்ட்மீட்டுக்கு இரத்தப் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். அக்கா கோயிலில் அருச்சனைக்கு நின்றார். பரிசோதனை முடிந்து காருக்குத் திரும்பி வந்து, நான் சாவியைப் போடப்போக, அத்தான் கேட்டார்.

"அந்த மாலை நீ கட்டினதுதானே?"

சாவியை மடியில் வைத்தேன்.

"மூண்டு பூவுக்கு ஒரு துளசி. இத்தினை வருசமாக் கோயிலிலை பாக்கிறன். வெள்ளைக்காரிக்கு உது வராது."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டதையும், நான் தலையாட்டியதையும், வயரைத் தடவிக்கொண்டு நின்றதையும், போனில் அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டதையும். அத்தான் முன் கண்ணாடியால் கார்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்திருந்தால் நல்லாயிருக்கும் என்று தோன்றியது.

"நான் செத்துப்போனன் எண்டு வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நீதான்" என்றார்.

"வாய் திறக்கேல்லை அத்தான். தலைதான் ஆட்டினனான்."

"அதுவும் காணும். உன்ரை அக்கா அந்தச் சொல்லை எடுக்கவே விடுறாவில்லை. எனக்கும் பயமாத்தான் கிடக்கு. ஆரோடை கதைக்கிறது?"

அவர் பயம் என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அத்தான் தொண்டையைச் செருமினார்.

"அக்காவுக்குச் சொல்லு. இப்ப சொல்லாதை. இப்ப சொன்னாச் சகுனம் சரியில்லையெண்டு ஒப்பரேசனையே நிப்பாட்டிப்போடுவா. நான் உள்ளை போனாப் பிறகு சொல்லு. ஆனா நான் வெளியிலை வாறதுக்கு முன்னம் சொல்லிப்போடவேணும்."

"வெளியிலை வந்தாப் பிறகு சொன்னால் என்ன?"

"நல்லபடியா வந்தா நீ சொல்லமாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும். வராட்டி, அந்த மாலைதான் என்னைக் கொண்டுபோனது எண்டு அவ கிடந்து குழறுவா. பிறகு சாகும்வரைக்கும் உன்னாலை சொல்லேலாது. பக்கத்திலை இருந்து பொய்யாத்தான் ஆறுதல் சொல்லுவாய்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. அதுதான் எனக்கு அவர்மேல் வந்த கோபம்.

ஒப்பரேசன் அன்று காலை ஏழரைக்கு அத்தானை உள்ளே கொண்டுபோனார்கள். நாலு, ஐந்து மணித்தியாலம் ஆகும் என்றார்கள். அக்காவும் நானும் காத்திருக்கும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். அக்காவின் மடியில் தேவாரப் புத்தகம். ஒரே பக்கத்தில்தான் திறந்து கிடந்தது. பெறாமகன் நடந்துகொண்டே இருந்தான். ஒன்பது மணிக்குச் சொல்ல நினைத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பத்துக்கு நினைத்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து இருந்தது. பதினொன்றுக்கு அந்தக் குடும்பம் எழும்பிப் போனது. சொல்லாமல் தப்ப எனக்கு வேறு சாட்டுக் கிடைக்கவில்லை. நேரம் போகப்போக, ஒப்பரேசன் அறைக் கதவு எந்த நிமிடமும் திறக்கலாம் என்கிற பயம் ஒரு பக்கம், இன்னும் திறக்கவில்லையே என்கிற பயம் மறுபக்கம்.

பதினொன்றரைக்கு அக்கா பெறாமகனைச் சாப்பிட ஏதாவது வாங்க அனுப்பினார். பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி எனக்கு நீட்டினார்.

"நீ குடி. விடியத் தொடக்கம் ஒண்டும் குடிக்கேல்லை. நீயும் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன், சொல்லு."

நான் வாங்கவில்லை.

"அக்கா, அந்த மாலையை நான்தான் கட்டினனான்."

அக்காவுக்கு விளங்கவில்லை. மூடி நீட்டியபடியே இருந்தது.

"படப்பிடிப்பு அண்டைக்கே படத்தைக் கண்டனான். அந்தப் பிள்ளை என்னட்டைக் கேட்டவள், இவர் செத்தவரோ, இல்லாட்டிக் கழட்டுறன் எண்டு. நான் ஓம் எண்டு தலையாட்டினனான்."

அத்தானின் நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில், சுவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்து, அந்தச் சொல்லை அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னேன். நாலு மாதமாக அவர் வீட்டுப் படியேற விடாத சொல். அக்காவின் முகம் கறுத்துப்போனது. கத்துவார் என்று நினைத்தேன். மிக மெதுவாகத்தான் கேட்டார்.

"என்னண்டு உனக்கு மனம் வந்தது?"

"எனக்கு ஒரு வசனம் தந்திருந்தவை அக்கா. நேரம் போனால் வெட்டிப்போடுவினம் எண்டு..."

"என்ன வசனம்?"

"சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டு."

அக்கா மூடியில் இருந்த தேத்தண்ணியைச் சிந்தாமல் திரும்பப் பிளாஸ்குக்குள் ஊற்றினார். மூடியை இறுக்கினார். புத்தகத்தையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு எழும்பிப் போய், எனக்கு நேரெதிர் வரிசையில் இருந்தார்.

பெறாமகன் சான்ட்விச்சோடு திரும்பி வந்தான். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "வாட் ஹாப்பன்ட்?" என்றான். நான் அவனிடமும் சொன்னேன். "ஆர் யூ சீரியஸ், சித்தி?" என்றான். ஓம் என்றேன். அவன் இரண்டு வரிசைக்கும் நடுவில் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டான்.

பன்னிரண்டரை ஆனது. ஒன்றானது. ஐந்து மணித்தியாலம் கடந்துவிட்டது, கதவு திறக்கவில்லை. அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஏதாவது நடந்தால், அது நான் தலையாட்டியதால்தான். எனக்கு இந்த மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் நான். அன்றைக்கு ஒவ்வொரு நிமிடமும் நம்பினேன்.

சும்மா இருக்க முடியாமல் போனை எடுத்துத் தொலைக்காட்சிக்காரருக்கு எழுதினேன். அந்தப் பிள்ளை தெளிவாகக் கேட்டாள், எனக்கும் தெளிவாக விளங்கியது, பொய் சொன்னது நான், அவள்மேல் ஒரு பிழையும் இல்லை. கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். அனுப்புவதற்கு முன் பெறாமகனிடம் நீட்டினேன். அவன் வாசித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, தானே அனுப்பிவிட்டுப் போனைத் தந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்றே முக்காலுக்கு டொக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டே, எதிர்பார்த்ததைவிட நேரம் எடுத்துவிட்டது, ஆனால் நன்றாக முடிந்தது என்றார். அக்கா கதிரையின் கையைப் பிடித்தபடி, இரண்டு தரம், "நன்றாகவா?" என்று இங்கிலீசில் கேட்டார். பெறாமகன் தாயைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். எழும்பிப் போக எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

இன்னும் ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு நர்ஸ் வந்தாள். இரண்டு பேர் மட்டும் உள்ளே வரலாம், மயக்கம் இன்னும் தெளியவில்லை, ஐந்து நிமிடம்தான் என்றாள். பெறாமகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். அக்கா அவனுடைய நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினார்.

"நீ பிறகு வா" என்றார். நர்ஸிடம் திரும்பி, "மீ அண்ட் மை சிஸ்டர்" என்றார்.

நான் பின்னால் நடந்தேன். கையைக் கழுவச் சொன்னார்கள், கழுவினோம். திரையை விலக்கினால் அத்தான் கிடந்தார். வாயில் குழாய், கழுத்தில் ஊசி, நெஞ்சில் பெரிய வெள்ளைக் கட்டு. முகம் ஊதிப்போயிருந்தது. நான் கால்மாட்டோடு நின்றுவிட்டேன். அக்கா திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, தலைமாட்டுக்கு இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினார். என் வளையல் தோலுக்குள் புதைந்து நொந்தது.

"நல்லா வடிவாப் பார்" என்றார்.

பார்த்தேன். மெசின் மூச்சுக் கொடுக்க அத்தானின் நெஞ்சு ஏறி இறங்கியது. நான் விக்கி விக்கி அழுதேன். அக்கா அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை என் கையை விடவும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் அக்கா என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை.